காய்ச்சல் போய்விட்டது, தலைசுற்றல் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு 44 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. சுகர், பிரஷர் இல்லை. ஒன்பது வாரங்களுக்கு முன்பு சளி, காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்திருந்தேன். சரியாகிப் பள்ளிக்குப் போன மூன்றாவது நாள், விடியற்காலையில் கண் விழித்தால் வீடே சுற்றியது. தலையை அசைத்தால் வாந்தி. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். "வைரஸ் காய்ச்சலால் காது நரம்பு வீங்கியிருக்கிறது" என்றார் அங்கிருந்த டாக்டர். அப்புறம் பார்த்த இன்னொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து "கழுத்து எலும்பு தேய்மானம்" என்று பெல்ட் போடச் சொன்னார். மூன்று வகை மாத்திரைகளை இன்றுவரை சாப்பிடுகிறேன்.

அந்தப் பெரிய சுற்றல் இப்போது இல்லை. ஆனால் எப்போதும் பரிசலில் நிற்பது போல இருக்கிறது. நடந்தால் இடது பக்கம் இழுக்கிறது. போர்டில் எழுதிவிட்டுச் சட்டென்று பிள்ளைகள் பக்கம் திரும்பினால் தள்ளாடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே நடக்க முடியவில்லை. ராத்திரி இடது பக்கம் புரண்டு படுத்தால் அரை நிமிடம் எல்லாம் சுற்றி, பிறகு நிற்கிறது. மாமியார் பித்தம் என்கிறார். கணவர், எல்லாம் மனசுதான், பயப்படாதே என்கிறார். இது பக்கவாதத்தின் அறிகுறியா? மறுபடி வருமா? மாத்திரை எவ்வளவு நாள் சாப்பிடுவது? ஸ்கூட்டி ஓட்டலாமா? பழையபடி நின்று பாடம் நடத்த முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எப்போது வந்தது, எந்தப் பக்கம் இழுக்கிறது, எத்தனை நேரம் நீடிக்கிறது என்று மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். தலைசுற்றலோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலருக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் கேட்காமலே சொல்லிவிட்டதால், உங்களைப் பரிசோதிக்காமலே ஓரளவு பேச முடிகிறது. ஆனாலும் நான் எழுதுவதை வைத்துக்கொண்டு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரை நேரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முதலில் உங்கள் கணவருக்கு. இது மனசு இல்லை ஐயா. உங்கள் மனைவியின் இடது காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பு நிஜமாகவே அடிபட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அதைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் பெரும்பாலும் கிடைக்காது. அதனாலேயே இந்த நோயாளிகள் வீட்டில் நம்பப்படாமல் போகிறார்கள். உடம்பில் காயம் தெரியாது, கட்டு இருக்காது, ஜுரமும் இருக்காது. பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள். உள்ளே தரை ஆடிக்கொண்டிருக்கும்.

உங்களை முதலில் பார்த்த டாக்டர் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. சளி, காய்ச்சல் வந்து போன சில நாட்களில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கடுமையான சுற்றல், வாந்தி, ஒரு பக்கமாகத் தள்ளாட்டம், இரண்டு மூன்று நாளில் மெல்லக் குறைவது. இது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், அதாவது சமநிலை நரம்பின் அழற்சி. கூடவே காது மந்தமாகி இரைச்சலும் வந்திருந்தால் லேபிரிந்தைட்டிஸ் என்போம். நீங்கள் காது கேட்பதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஒரு ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனுக்கான சோதனை, எடுக்காமல் இருந்தால் கட்டாயம் எடுங்கள். ஒரு காது லேசாக மந்தமானால் நமக்கே தெரியாது, மறு காது சமாளித்துவிடும்.

காய்ச்சலுக்கும் காது நரம்புக்கும் என்ன சம்பந்தம்? காய்ச்சல் விட்டதும் சிலருக்கு உதட்டோரத்தில் பொரிப்பொரியாகக் கொப்புளம் வருமே, அதைக் கொண்டுவருவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். சின்ன வயதில் உடம்புக்குள் வந்த இது வெளியே போகாமல் நரம்பு முடிச்சுகளில் தூங்கிக்கொண்டிருக்கும். உடம்பு வேறொரு நோயோடு மல்லாடும்போது விழித்துக்கொள்ளும். இறந்தவர்களின் காது நரம்பு முடிச்சுகளைப் பரிசோதித்த ஆய்வுகளிலும் இந்த வைரஸின் தடயம் பலரிடம் கிடைத்திருக்கிறது. அது விழித்து நரம்பை வீங்கச் செய்கிறது என்பது இன்று வலுவாக நம்பப்படும் காரணம், முழுதாக நிரூபணம் ஆகவில்லை. இந்த நரம்பு குறுகலான எலும்புக் குழாய் வழியாக மூளைக்குப் போகிறது. வீங்கினால் விரிய இடம் இல்லை. எலும்புக்குள்ளேயே நெரிபடுகிறது.

நெரிபட்டால் ஏன் உலகம் சுற்ற வேண்டும்? இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடும் ஒரே வேகத்தில் இழுக்கும்வரை வண்டி நேராகப் போகும். இடது மாடு திடீரென்று நின்றுவிட்டால், வலது மாடு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், வண்டி இடது பக்கம் வளைந்துவிடும். நம் இரண்டு காதுகளின் சமநிலை நரம்புகளும் நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட மூளைக்கு விடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் சமமாக வந்தால் "நீ அசையவில்லை" என்று மூளை புரிந்துகொள்ளும். ஒரு பக்கம் அடங்கிவிட்டால், கட்டிலில் படுத்திருப்பவளைப் பார்த்து "நீ சுழல்கிறாய்" என்கிறது மூளை. கண்கள் அதை நம்பி ஒரு பக்கமாகத் துடிக்கின்றன. சின்ன வயதில் தட்டாமாலை சுற்றி நின்றதும் வீடு சுற்றுமே, அதே கண் துடிப்புதான். தட்டாமாலையில் அரை நிமிடத்தில் நின்றுவிடும். உங்களுக்கு இரண்டு நாள் நிற்கவில்லை.

இனி பக்கவாதம் பற்றிய கேள்வி. கேட்டது நல்லது, ஏனென்றால் பின்மூளையில் வரும் பக்கவாதம் சில நேரம் அச்சு அசலாக இதே வேடத்தில் வரும். இந்த இடத்தில் நம் ஊரில் எல்லோரும் நம்பியிருக்கும் சி.டி. ஸ்கேன் பெரிதாகக் கைகொடுக்காது. பின்மூளைப் பக்கவாதத்தை அது முதல் நாளில் தவறவிடுவது சாதாரணம். எம்.ஆர்.ஐ.கூட முதல் இரண்டு நாளில் சிலருக்குச் சுத்தமாக வரும். அதைவிட நம்பகமான ஒரு சோதனைக்கு மெஷினே வேண்டாம். 1988-ல் சிட்னியைச் சேர்ந்த ஹல்மாகி, குர்த்தாய்ஸ் என்ற இருவர் எழுதிய சோதனை அது. நோயாளியை எதிரே இருக்கும் மருத்துவரின் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மருத்துவர் அவர் தலையை இரு கையாலும் பிடித்து, சட்டென்று லேசாக ஒரு பக்கம் திருப்புவார். நல்ல காது என்றால் கண் மூக்கிலேயே ஒட்டி நிற்கும். அடிபட்ட காது இருக்கும் பக்கம் திருப்பினால், கண்ணும் தலையோடு போய்விட்டு, பிறகு துள்ளி மூக்குக்குத் திரும்பும். விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் இந்தத் துள்ளல் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் காதில். துள்ளலே இல்லாமல் சோதனை நன்றாக இருந்தால்தான் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். படிக்கும்போதே எனக்கு வியப்பாக இருந்த சோதனை இது. இன்று 2009-க்குப் பிறகு, கண் துடிக்கும் திசையையும் இரு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்து, மூன்று சோதனைகளாகவே செய்கிறோம். மொத்தம் ஒரு நிமிடம் ஆகும்.

உங்கள் விஷயத்தில் ஒன்பது வாரம் ஆகிவிட்டது, படிப்படியாகக் குறைந்திருக்கிறது, சுகர் பிரஷர் இல்லை, பேச்சிலோ கைகாலிலோ குறை சொல்லவில்லை. பக்கவாதத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சுற்றலோடு இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, இதுவரை வந்தே இராத தலைவலி அல்லது பிடரி வலி, பிடிமானம் இல்லாமல் உட்காரக்கூட முடியாத தள்ளாட்டம் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன வீடுகளில் நான் பார்த்த முகங்களை மறக்க முடியவில்லை. அதேபோல், திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனாலும் அன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள். அதைச் சளி அடைப்பு என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாய்ப்பு கை நழுவிவிடும். காதுக்குள்ளும் காது மடலிலும் கொப்புளம் கிளம்பி முகமும் கோணினால் அது காதில் வந்த அக்கி. அதற்கும் தாமதம் ஆகாது.

சரி, உங்களிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையில் இரண்டு நோய்கள் இருக்கின்றன.

ஒன்று, இடது பக்கம் புரண்டால் வரும் அரை நிமிடச் சுற்றல். இது பரிசல் ஆட்டத்தோடு சேர்ந்தது இல்லை, தனி. நம் காதுக்குள் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய ஒரு மெத்தை இருக்கிறது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். நரம்பு அழற்சி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது, அதே காதில் அந்தத் துகள்கள் பெயர்ந்து, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. படுக்கும்போதும் புரளும்போதும் அவை குழாய்க்குள் உருளும். உருளும் நேரம் மட்டும் சுற்றும், பிறகு நின்றுவிடும். அரை நிமிடம் என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அவ்வளவு பொருந்துகிறது. இதற்கு மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை. உருண்ட துகளைத் திரும்ப உருட்டித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். மருத்துவர் உங்களைப் படுக்கவைத்துத் தலையை ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் நிறுத்தித் திருப்பி உட்காரவைப்பார். எப்லி முறை என்று பெயர். ஐந்து நிமிட வேலை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். யூடியூபில் பார்த்து நீங்களே செய்து பார்க்க வேண்டாம். எந்தக் குழாய், எந்தப் பக்கம் என்று முதலில் சோதித்தாக வேண்டும். தவறான பக்கம் செய்து வாந்தியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பரிசல் ஆட்டம். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நரம்பு அடிபட்ட நாளிலிருந்தே மூளை ஈடுகட்ட ஆரம்பித்துவிடுகிறது. வலது மாட்டின் வேகத்தை முதலில் குறைக்கிறது, பிறகு இடது பக்கத்தைத் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் முதல் வாரத்திலேயே பெரிய சுற்றல் அடங்கிவிட்டது. இந்த முதல் கட்டம் நீங்கள் படுத்தே இருந்தாலும் நடக்கும். இரண்டாம் கட்டம் அப்படி நடக்காது. தலையைத் திருப்பும்போது கண்ணை நிலையாக வைப்பது காதின் வேலை. காது அசைவை உணர்ந்து கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்த நூறில் ஒரு வினாடிதான் எடுத்துக்கொள்ளும். போர்டிலிருந்து சட்டென்று திரும்பும்போது உங்கள் இடது காது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கண்ணில் படும் வகுப்பறை ஒரு கணம் வழுக்குகிறது. உடம்பு தள்ளாடுகிறது. இந்த வழுக்கலை மூளை எவ்வளவு தடவை சந்திக்கிறதோ அவ்வளவுக்கு அதைத் திருத்தக் கற்றுக்கொள்ளும். சந்திக்கவே இல்லை என்றால் திருத்த எதுவும் இருக்காது. நீங்கள் கணக்கு டீச்சர், தப்பே செய்யாமல் கணக்கு கற்ற பிள்ளை உண்டா?

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள்மேல் அக்கறையோடு செய்யப்பட்ட எல்லாமே அந்தக் கற்றலுக்குக் குறுக்கே நிற்கின்றன. கழுத்து பெல்ட் தலையைத் திருப்பவே விடாது. மாத்திரை அசைவின் சமிக்ஞையையே மங்கவைக்கும். வீட்டில் "ஆடாதே அசையாதே" என்று படுக்கவைக்கிறார்கள். கோலம் போடக் குனிவதைக்கூட யாரோ வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பெல்ட்டைக் கழற்றிவிடலாம் என்பது என் கருத்து. நாற்பதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும். தலைநரை போன்றது அது. சுற்றலோடு வந்தவருக்குக் கழுத்தில் தேய்மானம் தெரிந்தது என்பதற்காக, சுற்றலுக்குக் காரணம் கழுத்துதான் என்று ஆகிவிடாது. கைக்குப் பாயும் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் அது வேறு விஷயம், அப்போது உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

மாத்திரைகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் வழக்கமாகக் கொடுப்பவை சின்னரிசின், புரோகுளோர்பெரசின், பீட்டாஹிஸ்டின். முதல் இரண்டும் வாந்தியையும் சுற்றலையும் அடக்கும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளைக்கு அவை வரம். ஒன்பது வாரத்துக்கு அவை தேவையில்லை. மூளையின் ஈடுகட்டலைத் தாமதப்படுத்துவதோடு, மாதக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, கை நடுக்கமும் நடையில் இறுக்கமும் பார்க்கின்சன் நோய் போலவே வந்துவிடும். பீட்டாஹிஸ்டின் அப்படி அடக்கும் மருந்து இல்லை, ஆனால் உங்கள் நோயில் அதனால் பெரிய பயன் உண்டு என்பதற்கும் வலுவான சான்று இல்லை. நீங்களாக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டாம். எழுதிக்கொடுத்தவரிடமே போய், "இதை எந்தத் தேதியில் நிறுத்துவது?" என்று கேளுங்கள். முடிவுத் தேதி இல்லாத தலைசுற்றல் மாத்திரைச் சீட்டு எனக்கு எப்போதும் கவலை தரும்.

ஸ்டீராய்டு கொடுத்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஜெர்மனியில் 141 பேரிடம் செய்து 2004-ல் வெளியான ஆய்வில், முதல் மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தவர்களுக்கு நரம்பு கூடுதலாக மீண்டது. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையால் பயன் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு கிடைத்தவரும் கிடைக்காதவரும் அன்றாட நடமாட்டத்தில் கடைசியில் எவ்வளவு வித்தியாசப்படுகிறார்கள் என்பதில் இன்னும் தெளிவு இல்லை. ஒன்பது வாரம் கழித்து அதைப் பற்றி வருந்த வேண்டாம்.

பயிற்சிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் தலையில் அடிபட்ட வீரர்களைக் கவனித்த காவ்தார்ன், குக்ஸி என்ற இருவர், எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறுவதைப் பார்த்துத்தான் இந்தப் பயிற்சிகளை வகுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன, அடிப்படை மாறவில்லை.

வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்கும். நேற்றைய தாளைக் கிழித்ததும் குப்பையில் போடாமல், அதை எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். கை நீட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டே, "வேண்டாம் வேண்டாம்" என்று சொல்வது போலத் தலையை இடமும் வலமும் அசையுங்கள். தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். எந்த வேகத்தில் மங்க ஆரம்பிக்கிறதோ அதற்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் அசையுங்கள். ஒரு நிமிடம். கொஞ்சம் ஓய்வு. பிறகு "ஆமாம் ஆமாம்" என்பது போல மேலும் கீழுமாக ஒரு நிமிடம். காலை, மதியம், மாலை. முதல் வாரம் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு இரு காலையும் ஒட்டி நின்று, அதற்கும் பிறகு ஒரு தலையணைமேல் நின்று. தலையணையில் நிற்கும்போது சுவர் மூலையில் நில்லுங்கள், சாய்ந்தாலும் சுவர் தாங்கும், பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருக்கட்டும்.

செய்யும்போது சுற்றல் கொஞ்சம் கூடும். கூடத்தான் வேண்டும். பலர் இரண்டாம் நாளே "இது ஒத்துக்கவில்லை" என்று விட்டுவிடுவது இங்கேதான். பயிற்சி முடிந்து கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. மாலைவரை தலை கனத்துக் கிடந்தால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். வாந்தி வரும் அளவுக்குச் செய்ய வேண்டாம். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். இதில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவரிடம் போய்க் கற்றுக்கொள்வது இன்னும் நல்லது.

அப்புறம் நடை. காலையில் தெருவில் நடங்கள், நடந்துகொண்டே இடது பக்கக் கடையின் போர்டு ஒன்று, வலது பக்கக் கடையின் போர்டு ஒன்று என்று மாறி மாறிப் படியுங்கள். முதலில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு. கோயில் பிராகாரம் சுற்றுவது அருமையான பயிற்சி, கல்தளத்தின் மேடு பள்ளம் பாதத்துக்கு வேலை கொடுக்கும். கோலத்தைத் திரும்ப நீங்களே போடுங்கள். புள்ளி வைக்கக் குனிந்து, நிமிர்ந்து, வரிசையை இடமிருந்து வலமாகப் பார்ப்பதில் கழுத்து, கண், காது மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. எப்லி முறை செய்து புரளும் சுற்றல் போன பிறகு இதை ஆரம்பிக்கலாம். சூப்பர் மார்க்கெட்டை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய், ஒரே ஒரு வரிசையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். காது தடுமாறும் நாட்களில் மூளை கண்ணை அளவுக்கு மீறி நம்புகிறது, அதனால்தான் இரு பக்கமும் நகரும் அடுக்குகள் உங்களை ஆட்டுகின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு கொத்தனார் என்னிடம் வந்தார். இதே நோய். "என் ரசமட்டம் கெட்டுப்போச்சு சார்" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. ஐந்து வாரமாக ஜன்னலைச் சாத்திய அறையில் படுத்திருந்தார். மனைவி கழிப்பறைக்குக்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மாத்திரையைக் குறைத்தோம், காலண்டர் தாளைக் கையில் கொடுத்தோம். முதல் நான்கு நாள் என்னைத் திட்டியிருப்பார். மூன்றாம் வாரம் தெருமுனை டீக்கடைவரை தனியாகப் போனார். சாரத்தில் ஏற நான் அனுமதிக்கவில்லை, தரை மட்டத்தில் கலவை வேலையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் அவருடைய காது நரம்பு பாதிதான் மீண்டிருந்தது. அவர் நடையில் அது தெரியவில்லை. இந்த நோயின் பெரிய ஆறுதல் அது. நரம்பு முழுதாகத் திரும்பாவிட்டாலும் மனிதர் திரும்பிவிட முடியும்.

இன்னொரு வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. டெங்கு, சிக்குன்குனியா, கோவிட் போன்ற காய்ச்சல்களுக்குப் பிறகு எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருவதாகப் பலர் சொல்வார்கள். அது சுற்றல் இல்லை, ரத்த அழுத்தம் அல்லது நாடித்துடிப்பு சம்பந்தப்பட்ட மயக்கம். படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்த்தால் தெரியும். மேல் அளவு 20 இறங்கினால் காரணம் அதுதான். பிரஷர் இறங்காமல், நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி மட்டும் 30-க்கு மேல் கூடுகிறவர்களும் உண்டு. தண்ணீர், உணவு, மெதுவாக எழுவது, ரத்தசோகை பார்ப்பது என்று அதற்கு வழி வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றாலும், மருத்துவரிடம் போகும்போது இதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மாமியாரின் பித்தத்துக்கும் ஒரு வார்த்தை. அவர் கொடுக்கும் சுக்குக் காபியோ எலுமிச்சைச் சாறோ கெடுதல் செய்யாது. அன்போடு தருவதைக் குடியுங்கள். பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

மனசு என்றது தவறு என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதில் ஒரு சின்ன உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒரு முறை அப்படிச் சுழன்று விழுந்தவரின் மூளை, அடுத்த முறை வருமோ என்று எப்போதும் காவல் நிற்கிறது. காது தேறிய பிறகும் காவல் கலையாமல் போனால், நிற்கும்போதும் நடக்கும்போதும் கூட்டத்திலும் ஆட்டம் மாதக்கணக்கில் நீடிக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதற்கு 2017-ல் தனிப் பெயரும் வரையறையும் கொடுத்திருக்கிறார்கள். இது பைத்தியமோ நடிப்போ இல்லை, மருத்துவம் உள்ள நோய். பயிற்சியோடு மனநல ஆலோசனையும், தேவைப்பட்டால் மாத்திரையும் நன்றாகப் பலன் தருகின்றன. நீங்கள் இன்னும் அந்த எல்லைக்கு வரவில்லை. வராமல் இருக்க வழி, பயந்து ஒவ்வொன்றாக விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுப்பது. வீட்டில் எல்லோரும் உங்களை நம்பினாலே அந்தக் காவலில் பாதி கலைந்துவிடும்.

மறுபடி வருமா என்றால், இந்த நரம்பு அழற்சி அதே ஆளுக்குத் திரும்ப வருவது அரிது. துகள் பெயர்ந்து புரளும் சுற்றல் எப்போதாவது எட்டிப்பார்க்கலாம், அதே எப்லி முறை போதும். மணிக்கணக்கில் சுற்றல் விட்டு விட்டு வந்தாலோ, கூடவே காதடைப்பு, இரைச்சல், அல்லது ஒற்றைத் தலைவலி இருந்தாலோ அது வேறு நோய். வந்து காட்டுங்கள்.

ஸ்கூட்டியை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். புரளும் சுற்றல் முழுதாகப் போயிருக்க வேண்டும், அடக்கும் மாத்திரை நின்றிருக்க வேண்டும், சட்டென்று தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாலும் காட்சி வழுக்கக் கூடாது. மூன்றும் ஆன பிறகு, பகலில், காலி மைதானத்தில் ஆரம்பியுங்கள். குளிக்கும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடினால் விழுவீர்கள், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளியுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கண், காது, பாதம் மூன்றில் ஒன்று ஏற்கெனவே குறைவாக இருக்கிறது, இருட்டில் இன்னொன்றையும் இழக்க வேண்டாம்.

வகுப்புக்கு நீங்கள் இப்போதே போகலாம். தலைமை ஆசிரியரிடம் சொல்லி முதல் இரண்டு வாரம் மாடி வகுப்பு வேண்டாம் என்று கேளுங்கள். ஒரு பீரியட் நின்று, ஒரு பீரியட் உட்கார்ந்து. போர்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எழுதுங்கள். திரும்பும்போது முதலில் கண்ணைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்துங்கள், பிறகு தலை, பிறகு உடம்பு. வாரம் ஒரு முறை அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் வேகமாக்குங்கள். ஆடியோகிராம் முடிவையும், எப்லிக்குப் பிறகு இடது பக்கம் புரண்டபோது என்ன ஆனது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.